கியர் ஒயில் மாற்றப் போய்க் கற்ற கடைப் பாடம்

வியாபாரத்தில் ஏன் நட்டம் என்று கேட்டால் டொலர் என்போம், வரி என்போம், அரசாங்கம் என்போம், கடனுக்குச் சாமான் எடுத்தவன் தலைமறைவாகி விட்டான் என்போம். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எமது கடைக்குள்ளேயே நடந்து, கடையில் எல்லோருக்கும் தெரிந்து, முதலாளியாகிய எமக்கு மட்டும் தெரியாமல் போகும் தவறுகளால் வரும் நட்டத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இதை எனக்கு விளங்க வைத்தது எந்த முகாமைத்துவப் புத்தகமும் அல்ல. எனது பழைய காரின் கியர் ஒயில். கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எழுதாமல் விடுவதும் சரியில்லை.

முற்றத்தில் நடந்தது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள், இருப்பதை வைத்துத்தான் காலம் கடத்தினோம். என்னிடம் இருப்பது ஓட்டோ கியர் கொரோலா 121. மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு அது போதும். ஆனால் பழைய வாகனத்தை வைத்திருப்பவன் அதைக் கவனிக்கவும் வேண்டும்.

2023இல் ஒரு நாள் அதன் கியர் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் நல்ல சாயம் விட்ட பிளேன்டி போல இருந்தது. கராஜில் கேட்டேன், கூலி அதிகமாகத் தெரிந்தது. எஞ்சின் ஒயிலை வருடக்கணக்காக நானேதான் மாற்றி வருகிறேன். இது மட்டும் என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். எனது முதலாவது தவறு அதுதான். ஒரு வேலை தெரியும் என்பதற்காக, பக்கத்தில் இருக்கும் வேலையும் தெரியும் என்று நினைத்து விட்டேன்.

பொருள் வாங்குவதில் பிழை விடவில்லை. அந்தக் காருக்கு டொயோட்டா ‘டைப் டி ஃபோர்’ ஒயில்தான் ஊற்ற வேண்டும் என்று தெரிந்து, கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன நாளில் பஞ்சிகாவத்தையில் நாலு லீற்றர் தகரம் ஒன்று வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடை பூட்டு. அஸர் தொழுது விட்டு வேலையைத் தொடங்கினேன். உதவிக்கு இளைய மகன் நின்றான்.

வாகனத்தை உயர்த்தி, ஸ்டான்ட் வைத்து, கீழே உள்ள ஆணியைக் கழற்றினேன். பழைய ஒயில் பேசினில் இறங்கியது. கானில் ஊற்றாமல் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம் என்று, கடையில் இருந்து கொண்டு வந்த நாலு லீற்றர் பெயின்ட் வாளி ஒன்றில் அதை ஊற்றி மூடும்படி மகனிடம் சொன்னேன். புது வொஷர் போட்டு ஆணியை இறுக்கினேன். அளவுக் கம்பி போகும் குழாயில் புனலை வைத்துப் புது ஒயிலை ஊற்றினேன். மஃரிபுக்கு நேரமாகி விட்டது. காசு கொடுத்து வாங்கிய ஒயிலில் மிச்சம் வைக்க மனமும் வரவில்லை. தகரத்தில் இருந்த நாலு லீற்றரையும் கடைசித் துளி வரை ஊற்றினேன். பாங்கு சொன்னது. வாகனத்தை இறக்கி, ஸ்டார்ட் செய்து, முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். ஓடியது. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போய் விட்டேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில்

ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு வலீமா. குடும்பத்தோடு புறப்பட்டோம். சமதரையில் ஒரு குறையும் இல்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் எஞ்சின் சத்தம் கூடியது, வாகனம் ஏறவில்லை. எக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் வந்தது. கூடவே ஒயில் கருகும் வாடை. ஓரமாக நிறுத்தி பொனட்டைத் திறந்தேன். கீழ்ப்பகுதி எல்லாம் சிவப்பாக நனைந்திருந்தது.

பக்கத்துக் கராஜில் இருந்து ஒரு பாஸ் வந்தார். சிங்களவர், வயதானவர். எஞ்சினை ஓட விட்டு அளவுக் கம்பியை இழுத்தார். சூடான நிலைக்குரிய அடையாளத்துக்கு மேலே வெகுதூரம் ஒயில் ஏறியிருந்தது. அதுவும் ஒயிலாக இல்லை, சவர்க்கார நுரை மாதிரி இருந்தது. அவர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“முதலாளி, எவ்வளவு எடுத்தீங்க? எவ்வளவு ஊத்தினீங்க?”

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியும், நாலு லீற்றர். முதலாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மீற்றர் வயரையும் அளந்து வெட்டுபவன், ஆணியை நிறுத்துக் கொடுப்பவன், எனது காரில் இருந்து வெளியே எடுத்ததை அளக்கவில்லை.

பாஸ் மெல்லிய குழாய் ஒன்றை அளவுக் கம்பி போகும் வழியால் விட்டு, ஏறத்தாழ ஒரு லீற்றரை உறிஞ்சி எடுத்தார். ஆற விட்டு, நுரை அடங்கிய பிறகு மறுபடியும் பார்த்தார். நல்ல காலம், கியர் பெட்டிக்குப் பெரிய சேதம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சஹனில் இருந்தவர்கள் எழும்பிக் கை கழுவிக் கொண்டிருந்தார்கள்.

ஏன் அப்படி நடந்தது?

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால்தானே பிழை’ என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

ஓட்டோ கியர் பெட்டிக்குள் ஒயில் இரண்டு வேலை செய்கிறது. வழவழப்பைக் கொடுக்கிறது. அத்தோடு, அழுத்தத்தின் மூலம் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளைப் பிடித்து வைத்து, எஞ்சினின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டு போகிறது. அளவுக்கு மேல் ஒயில் இருந்தால், சுழலும் பாகங்கள் அதற்குள் அமிழ்ந்து அடித்துக் காற்றைக் கலந்து விடும். நுரைத்த ஒயிலை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றுத்தான் சுருங்கும், தேவையான அழுத்தம் வராது. தட்டுகள் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. நுரை பொங்கிக் காற்றுத் துவாரத்தால் வெளியே வழியும். ஒயில் குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி இதே கதைதான். கூடினாலும் குறைந்தாலும் நோய் ஒன்றே.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியாமல் இருந்தது. எஞ்சின் ஒயிலை இறக்கினால் ஏறத்தாழ எல்லாமே வந்து விடும். ஓட்டோ கியர் ஒயில் அப்படி வராது. எனது காரில் ஆணியைக் கழற்றினால் வருவது சுமார் 3 லீற்றர்தான். மிச்சம் உள்ளே டோர்க் கன்வேர்ட்டரிலும் வேறு இடங்களிலும் தங்கி விடும். மொத்தம் 7 லீற்றர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தடவை 3 லீற்றர் மாற்றினால் நூற்றுக்கு 43தான் புதுசு. கொஞ்சத் தூரம் ஓடி இரண்டாம் தடவை மாற்றினால் நூற்றுக்கு 67 ஆகும். மூன்றாம் தடவையில் நூற்றுக்கு 81. பழையது ஒரே நாளில் வெளியே போவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பெயின்ட் வாளி சொன்ன கணக்கு

அன்று இரவு வீட்டுக்கு வந்து, பழைய ஒயில் இருந்த வாளியைத் திறந்து பார்த்தேன். நாலு லீற்றர் வாளியில் முக்கால்வாசிதான் இருந்தது. அதாவது மூன்று லீற்றர். பாஸ் கேட்ட முதலாவது கேள்விக்கான பதில் வெள்ளிக்கிழமையில் இருந்தே எனது முற்றத்தில் மூடிக் கிடந்திருக்கிறது. தினமும் அந்த வாளியை விற்பவன் நான்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன், “ஊத்தும்போது வாளி நிறையல்ல என்று நீ பார்த்தாய்தானே?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “பார்த்தன் வாப்பா. நீங்க முழுத் தகரத்தையும் ஊத்தக்குள்ள சொல்லலாம் எண்டு நினைச்சன். சொன்னா, எனக்குப் படிச்சுத் தர வாறியா எண்டு ஏசுவீங்க எண்டு சும்மா இருந்திட்டன்.”

ஏற்றத்தில் வண்டி நின்றபோது வந்த கவலையை விட இது பெரிதாக இருந்தது. அவன் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் ஏசியிருப்பேன். ஒரு லீற்றர் ஒயில் கூடியது கையின் தவறு. அதைப் பார்த்த ஒருவன் பக்கத்தில் நின்றும் வாய் திறக்காமல் இருந்தது எனது வளர்ப்பின் தவறு. மகனே இப்படி என்றால் கடையில் சம்பளத்துக்கு நிற்பவன் எப்படி இருப்பான்?

இந்த யோசனையில்தான் ஒரு வருடத்துக்கு முந்திய சம்பவம் ஒன்று எனக்குப் புதிதாக விளங்கியது.

ஒன்பது குழாய், நாற்பத்தாறு குழாய்

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழத் தொடங்கியதை மறக்க முடியாது. இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் முந்நூற்றைம்பதையும் தாண்டியது. ஹார்ட்வெயார் சாமான்களுக்கு வாரத்துக்கு ஒரு விலைப் பட்டியல் வந்தது. அப்படி ஒரு திங்கட்கிழமை பீ.வீ.சீ. குழாய் ஒன்றுக்கு 180 ரூபா கூடியது. கவுன்டரில் நின்ற பையன் பழைய பட்டியலைப் பார்த்து அன்று ஒன்பது குழாய் விற்று விட்டான். மாலையில் புதுப் பட்டியலைப் பார்த்ததும் அவனுக்குப் பிழை தெரிந்து விட்டது.

அவன் என்ன செய்தான்? சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை திடீரென்று புது விலைக்கு விற்றால் பில்லில் வித்தியாசம் தெரியும், முதலாளி கேட்பார் என்று, வியாழக்கிழமை வரை பழைய விலைக்கே விற்றான். வெள்ளிக்கிழமை நான் பில் பார்த்தபோது நாற்பத்தாறு குழாய் போயிருந்தது. 1,620 ரூபாவோடு நின்றிருக்க வேண்டிய நட்டம் 8,280 ரூபா ஆகியது. வந்த காசைக் கொடுத்து அதே எண்ணிக்கையில் குழாய் திருப்பி வாங்க முடியவில்லை.

நான் அவனை வாடிக்கையாளர்களுக்கு முன்னால் ஏசினேன். காசைத் தவணையாகச் சம்பளத்தில் வெட்டினேன். நல்ல பாடம் கற்பித்தேன் என்றும் நினைத்துக் கொண்டேன். உண்மையில் மற்றப் பையன்கள் எல்லோரும் அன்று ஒரு பாடம் கற்றார்கள். ‘பிழை விடாதே’ என்ற பாடம் அல்ல அது. பிழை விடாத மனிதன் இல்லை. ‘பிடிபடாதே’ என்ற பாடம்.

ஒன்பது குழாய்க்குப் பையன் பொறுப்பு. மிச்சம் முப்பத்தேழு குழாய்க்கு யார் பொறுப்பு? எனது கோபம்தான் பொறுப்பு. அதை நான் கணக்கில் எழுதவில்லை.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

நான் ஓட்டும் காரைச் செய்த கம்பனியின் கதை இங்கே பொருந்தும். டொயோட்டா குடும்பம் முதலில் கார் செய்தவர்கள் அல்ல, தறி செய்தவர்கள். சாகிச்சி டொயோடா என்பவர் 1924இல் முடித்த தானியங்கித் தறியின் சிறப்பு என்னவென்றால், ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்று விடும். அதற்கு முன்னர் நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் யார் கணக்கில் துணி பழுதாகிப் போகும். அந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பனி விலை கொடுத்து வாங்கியது. மோட்டார் கம்பனி 1937இல் தொடங்கப்பட்டது.

தறியில் இருந்த அதே எண்ணத்தைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டு வந்தார்கள். வேலை நடக்கும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு இருக்கும். ஒரு பிழையைக் கண்டால் சாதாரணத் தொழிலாளி கூட அந்தக் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். ஒரு நிமிடம் நின்றால் எவ்வளவு நட்டம் என்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிழையோடு ஓடினால் அதை விட நட்டம் என்றும் தெரியும்.

பிழையைக் கண்டால் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்கும் பழக்கமும் அங்கே உண்டு. நான் எனது கியர் ஒயிலுக்குக் கேட்டுப் பார்த்தேன். வண்டி ஏன் ஏறவில்லை? ஒயில் நுரைத்தது. ஏன் நுரைத்தது? அளவு கூடியது. ஏன் கூடியது? எடுத்ததை அளக்கவில்லை. அளக்காததை யாராவது சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? ஏச்சுக்குப் பயம். ஏன் பயம்? முன்னர் சொன்னவர்களை நான் ஏசியிருக்கிறேன். ஒயிலில் தொடங்கிய கேள்வி என்னிடம் வந்து நின்றது.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதும் இல்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே நனைந்திருந்ததைக் கண்டு, மக்களுக்குத் தெரியும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வாங்குபவரிடம் குறையை மறைக்கக் கூடாது என்பதற்கு இதை எத்தனையோ ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எமது கடைக்குள்ளே எமக்கும் எமது ஊழியர்களுக்கும் இடையிலும் இந்தப் பாடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். நனைந்தது மேலே இருந்தால் காய வைக்கலாம். அடியில் கிடந்தால் குவியல் முழுவதும் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்ததை மேலே வைப்பவனுக்கு நாம் அடி கொடுத்தால் அடுத்த முறை அவன் எங்கே வைப்பான்?

கடையில் நான் மாற்றியவை

மூன்று விஷயங்களை மாற்றினேன்.

முதலாவது, அன்றைய பிழையை அன்றே வந்து சொன்னால் ஏச்சும் இல்லை, சம்பளத்தில் வெட்டும் இல்லை. மறைத்துப் பிடிபட்டால் அது வேறு விசாரணை. (கடை, அலுவலக ஊழியர்களுக்கென 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் வெட்டச் சட்டமும் இடம் தருவதில்லை என்பதைப் பலர் மறந்து விடுகிறோம்.) குழாய் விற்ற பையனிடம் வெட்டிய காசில் முப்பத்தேழு குழாய்க்குரியதைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்க மறுத்தான், வற்புறுத்திக் கொடுத்தேன்.

இரண்டாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. திகதி, என்ன நடந்தது, எவ்வளவு நட்டம், ஏன், இனி என்ன செய்வது என்று ஐந்து கோடு. யார் செய்தது என்று பெயர் எழுதுவதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. வராத கடனை வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கும் நாம், வந்த நட்டத்தின் காரணத்தை ஒரு வரி எழுதுவதில்லை. கொப்பியின் முதலாவது பக்கத்தில் எனது பெயரைப் போட்டே கியர் ஒயில் கதையை எழுதினேன். பையன்கள் வாசித்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மூன்றாவது, பாஸ் கேட்ட இரண்டு கேள்விகள். ‘எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு போட்டாய்?’ களஞ்சியத்தில் இருந்து சாமான் கடைக்கு வந்தாலும், லொறியில் ஏறினாலும், திரும்பி வந்தாலும் இரண்டு கணக்கும் எழுத வேண்டும்.

உடனே எல்லாம் மாறவில்லை. முதல் மாதம் கொப்பியில் எனது எழுத்தைத் தவிர வேறு எழுத்து இல்லை. கியர் ஒயிலைப் பற்றிச் சொன்னது போலத்தான், பழையது ஒரே நாளில் வெளியே போகாது. இரண்டாவது மாதம் ஒருவன் வந்து, தள ஓடு ஏற்றிய லொறியில் இரண்டு பெட்டி வேறு நிற இலக்கம் போய்விட்டது என்றான். டிசைன் ஒன்றானாலும் பெட்டியில் உள்ள நிற இலக்கம் மாறினால் தரையில் பட்டை பட்டையாகத் தெரியும். மேசன் பாஸ் ஓடு பதிக்கத் தொடங்குவதற்கு முன்னர் ஆள் அனுப்பி மாற்றி விட்டோம். பழைய காலமாக இருந்தால், பதித்த தரையைக் கிளப்பிக் கொடுக்கும் செலவும் போய், வாடிக்கையாளரும் போயிருப்பார். இன்னொருவன், புதுச் சீமெந்து மூடைகளைப் பழையதற்கு மேலே அடுக்கி விட்டோம், அடியில் இருப்பது கட்டியாகப் போகிறது என்று எழுதினான். அன்றே அடுக்கை மாற்றினோம்.

“பயம் இல்லாவிட்டால் கடை நடக்குமா?”

இதைச் சொன்னபோது ஒரு வியாபார நண்பர் கேட்டார், “முதலாளிக்குப் பயம் இல்லாவிட்டால் பையன்கள் தலையில் ஏறி விடுவார்களே?” நியாயமான கேள்வி.

தவறு வேறு, துரோகம் வேறு. கல்லாவில் கை வைப்பவனுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப விடுபவனுக்கும் எல்லை உண்டு. ஆனால் அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேலையை நாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தோமா, அதற்கு ஏற்ற ஆளா அவன் என்பதை. பயத்தால் ஒருவன் வேகமாக நடப்பான். உண்மை பேச மாட்டான். எமக்குக் கடையில் அவசியமாகத் தேவை எது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கொப்பி வைத்ததால் நான் பெரிய முதலாளி ஆகி விடவும் இல்லை. கோபம் இன்னும் வருகிறது. சில நாட்களில் வாய் முந்தி விடுகிறது. அப்படியான நாளில் அன்று இரவே பையனிடம் மன்னிப்புக் கேட்கப் பழகி வருகிறேன்.

நீங்களும் ஒயில் மாற்றுவதாக இருந்தால்

கடைசியாக, வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டாவது தடவை நான் இப்படித்தான் செய்தேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே படுக்காதீர்கள். ஸ்டான்ட் வையுங்கள், சில்லுக்குக் கட்டை போடுங்கள். எஞ்சின் ஒயில் ஆணி எது, கியர் ஒயில் ஆணி எது என்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். மாறிக் கழற்றி, கியர் பெட்டியைக் காலியாக்கி, ஏற்கெனவே நிறைந்திருக்கும் எஞ்சினில் மேலும் ஒயில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். வாகனத்தின் கைநூல் சொல்லும் வகை ஒயிலையே வாங்குங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

எடுத்த ஒயிலை அளவுப் பாத்திரத்தில் அளந்து, அதே அளவை ஊற்றுங்கள். பிறகு பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, காலை பிரேக்கில் வைத்தபடி கியரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை போட்டு, பார்க்கிங்கில் விட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை எடுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பாருங்கள். எனது காரின் கம்பியில் குளிர்ந்த நிலைக்கு ஓர் அடையாளமும் சூடான நிலைக்கு ஓர் அடையாளமும் இருக்கின்றன. பார்க்க வேண்டியது சூடான அடையாளத்தை. குறைந்தால் கொஞ்சம் ஊற்றலாம். கூடினால் எடுப்பதுதான் சிரமம். அதனால் எப்போதும் குறைவாக ஊற்றி ஏற்றிக் கொண்டு வாருங்கள்.

அளவுக் கம்பியே இல்லாத புதிய வாகனங்கள், சீ.வீ.டீ. கியர் வாகனங்கள், ஹைபிரிட் வாகனங்கள் என்றால் கூலியைக் கொடுத்துத் தெரிந்தவரிடம் விடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு ஒயிலின் வெப்பநிலையை அளந்துதான் மட்டம் பார்க்க வேண்டும். எந்த வேலையை நாமே செய்வது, எந்த வேலைக்குக் கூலி கொடுப்பது என்று அறிவதும் வியாபாரம்தான்.

பக்கத்தில் மகனோ தம்பியோ கடைப் பையனோ நின்றால், ஊற்றுவதற்கு முன்னர் ஒரு தடவை நிறுத்தி, “நான் ஏதாவது பிழை விடுகிறேனா?” என்று கேளுங்கள். கேட்டு விட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

நாளை கடை பூட்டும் நேரத்திலும் அப்படியே செய்து பாருங்கள். பையன்களை இருத்தி, பிளேன்டி ஒன்று கொடுத்து, ‘இந்த வாரம் எனக்குச் சொல்லப் பயந்த விஷயம் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். முதல் நாள் யாரும் பேச மாட்டார்கள். எனது கடையிலும் பேசவில்லை. மறு வாரமும் கேளுங்கள். ஒருவன் வாய் திறப்பான். அவன் சொல்வது எவ்வளவு பெரிய நட்டமாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் உங்கள் முகத்தை மாற்றிக் கொள்ளாதீர்கள். அதைப் பொறுத்துக் கொள்ளும் சபூரை அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் தருவானாக.